திருகு மூடி வந்த பிறகும் கார்க் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

"அலுமினியத் திருகு மூடி விலை குறைவு, ஒயினில் வாடை ஏற்றாது, கையாலேயே திறந்துவிடலாம். அப்புறம் எதற்கு இன்னும் மரப்பட்டையை உரித்து பாட்டிலை அடைக்கிறார்கள், அந்தத் தொழில் எப்படி இழுத்து மூடாமல் இருக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். பானங்களுக்கான பேக்கேஜிங்தான் என் வேலை, அதில் பாதி நாள் மூடிகளோடுதான் கழிகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரே வரியில் வேண்டுமென்றால் இதுதான்: கார்க் தொழிலைக் காப்பாற்றியது பழம்பெருமை அல்ல. தன் சரக்கில் இருந்த ஒரு நாற்றத்தைப் பல வருடம் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டு, வாடிக்கையாளர்கள் நாடு நாடாகக் கைநழுவிப் போன பிறகு, அதை ஒத்துக்கொண்டு, அளந்து பார்த்து, பெருமளவு ஒழித்தார்கள், அதனால் தப்பித்தார்கள். காடு, பாரம்பரியம், திறக்கும்போது கேட்கும் அந்த 'டப்' சத்தம் எல்லாம் அதற்கு அப்புறம்தான் கை கொடுத்தன.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தப் போட்டியின் பலமும் பலவீனமும் மரத்திலேயே இருக்கிறது. கிரிக்கெட் பந்துக்குள் நூல் சுற்றிய உருண்டை இருக்குமே, அதன் நடுவில் இருப்பதும் இதே கார்க்தான். மத்தியதரைக் கடலின் மேற்குப் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் வெளிப்பட்டை அது. போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, சார்டினியா, தென் பிரான்சின் ஒரு பகுதி, அவ்வளவுதான் அதன் ஊர். உலகத்து கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது, அதிலும் பெரும்பங்கு தெற்கே அலென்டெஜோ பகுதியிலிருந்து.

அங்கே ஒரு ஜூன் மாதம் பட்டை உரிப்பதை நேரில் நின்று பார்த்திருக்கிறேன். மரத்துக்கு இரண்டு பேர், கையில் நீண்ட பிடி வைத்த கோடாரி, பிடியின் நுனி ஆப்பு மாதிரி சீவியிருக்கும். கோடாரியால் நெடுக்காக ஒரு கீறல் போட்டு, அதே இடத்தில் முனையைத் திருப்பி நெம்புகிறார்கள். அப்போது எழும் சத்தத்தைக் கேட்டே பட்டை வருமா வராதா என்று சொல்லிவிடுகிறார்கள்: உள்ளே காலியாக இருப்பது போல் கிழிசல் சத்தம் வந்தால் கழன்றுவிடும், வறண்டு 'டக்' என்று கேட்டால் விட்டுவிட வேண்டும். ஒரு விரற்கடை ஆழமாக இறங்கினால் உள்பட்டை காயப்பட்டு அந்த இடத்தில் மரம் இனி நல்ல கார்க் தராது. பலகை பலகையாக உரிந்து வந்த பிறகு அடிமரம் மஞ்சள் கலந்த காவி நிறத்தில் ஈரமாக நிற்கும், நாளாக ஆகச் சிவந்து கறுக்கும். கடைசியாக ஒருவர் வெள்ளைப் பெயின்ட்டில் அந்த வருடத்தின் கடைசி இலக்கத்தை மரத்தில் எழுதிவிட்டுப் போகிறார். போர்ச்சுகல் சட்டப்படி அடுத்த 9 வருடம் அந்த மரத்தின் உரித்த பகுதியைத் தொடக் கூடாது.

அந்த 9 வருடத்துக்கு நல்ல காரணம் உண்டு. பட்டையில் குறுக்கே நுண்துளைகள் ஓடும், மரம் மூச்சு விடும் வழி அது. அடைப்பானை அந்தத் துளைகளின் போக்கிலேயே துளைத்தெடுத்தால் ஒயின் அதன் வழியே கசிந்துவிடும், அதனால் மரம் நிற்கும் திசைக்கு இணையாகத்தான் துளைப்பார்கள். அப்படித் துளைத்து 24 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு அடைப்பான் எடுக்க வேண்டுமென்றால் பட்டை அதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும், அந்தத் தடிமன் வர அத்தனை வருடம் ஆகிறது. முதல் உரிப்புக்கே மரத்துக்கு ஏறக்குறைய 25 வயதாக வேண்டும். அந்தப் பட்டை முரடாக இருக்கும், அடைப்பானுக்கு ஆகாது, இரண்டாவது உரிப்பும் அப்படித்தான். மூன்றாவது உரிப்பில், அதாவது மரத்துக்கு 43 வயதானபோதுதான் நல்ல அடைப்பான் கிடைக்கும். அலுமினியத் தகட்டை இன்று ஆர்டர் போட்டு சில வாரங்களில் மூடியாக வாங்கிவிடலாம். கார்க்குக்குத் தாத்தா நட வேண்டும், பேரன் விற்க வேண்டும்.

அவ்வளவு பாடுபட்டு எடுப்பதற்குத் தகுந்த பொருள்தான் அது. ஒரு கன சென்டிமீட்டரில் ஏறக்குறைய 4 கோடி செல்கள், ஒவ்வொன்றிலும் அடைபட்ட காற்று. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கார்க்கைப் பார்த்துதான் 'செல்' என்ற பெயரையே வைத்தார். 24 மில்லிமீட்டர் அடைப்பானை நசுக்கி 18.5 மில்லிமீட்டர் கழுத்துக்குள் தள்ளினால் அது பக்கவாட்டில் பிதுங்காமல் உள்ளுக்குள்ளேயே சுருங்கி, திரும்ப விரிந்து கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்ளும், பத்து இருபது வருடம் ஆனாலும் அந்தப் பிடி பெரிதாகத் தளராது. ரப்பரை இப்படிச் செய்து பாருங்கள், ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கும்.

இவ்வளவு நல்ல பொருளை வைத்துக்கொண்டு எப்படிக் கோட்டைவிட்டார்கள்? டிசிஏ என்ற ஒரு வேதிப்பொருளால். முழுப்பெயர் டிரைகுளோரோஅனிசோல். மரத்திலோ பட்டையிலோ இருக்கும் குளோரின் சேர்ந்த சேர்மங்களைப் பூஞ்சைகள் மாற்றும்போது உண்டாவது. ஒயினில் கலந்தால் மழைக்காலத்தில் காயாமல் மடித்து வைத்த துணியின் வாடை, ஈரம் பட்ட அட்டைப்பெட்டியின் வாடை. கொடுமை என்னவென்றால் லிட்டருக்கு 2 முதல் 5 நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்குக்குத் தெரிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு கிராம் டிசிஏ 50 கோடி லிட்டர் ஒயினைக் கெடுக்கப் போதும். அதற்கும் குறைவான அளவில் இருந்தால் இன்னும் மோசம்: வாடையாகத் தெரியாது, ஆனால் பழ மணம் எல்லாம் அமுங்கிப் போய் ஒயின் சப்பென்று இருக்கும், குடித்தவர் கார்க்கைக் குறை சொல்ல மாட்டார், அந்த ஒயின் தயாரிப்பாளரே மட்டம் என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த முறை வேறு பாட்டில் எடுப்பார்.

சுவிட்சர்லாந்தில் ஹான்ஸ் டானர் குழுவினர் இதுதான் காரணம் என்று 1980களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். அப்போது கார்க்கை வெளுக்கக் குளோரினில் கழுவும் வழக்கம் இருந்தது, அதாவது நோய்க்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுக்க வேறு வழியில்லாமல் இவர்களிடம்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலையில் யாருக்கு அவசரம்? ஒயின்காரர்கள் புகார் சொன்னால் "உங்கள் பாதாள அறையைப் பாருங்கள், உங்கள் பீப்பாயைப் பாருங்கள்" என்று பதில் வரும். அதில் ஓரளவு உண்மையும் உண்டு, டிசிஏ கட்டடத்து மரத்திலிருந்தும் பீப்பாயிலிருந்தும்கூட வரும். ஆனால் பெரும்பாலும் கார்க்தான். என் வேலையின் ஆரம்ப வருடங்களில் ஒரு லாட் கார்க்கைச் சோதிக்க உட்கார்த்தி வைத்தார்கள். ஒவ்வொரு கார்க்கையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளை ஒயினில் ஊறப்போட்டு, மறுநாள் காலை வெறும் வயிற்றில் மூடியைத் திறந்து முகர வேண்டும். வரிசையாக நல்ல ஒயின் வாசனை, நல்ல ஒயின் வாசனை, திடீரென்று பதினோராவது குப்பியில் பழைய நிலவறை. பக்கத்தில் இருப்பது அதே மரத்துக் கார்க்காகக்கூட இருக்கலாம், அதில் ஒன்றும் இல்லை. அந்த லாட்டை அனுப்பிய சப்ளையர் "நூற்றுக்கு ஒன்றிரண்டு இயற்கைதானே" என்று கடிதம் எழுதினார். ஒரு வருடம் உழைத்து ஒயின் செய்தவருக்கு அந்த ஒன்றிரண்டு இயற்கையாகத் தெரியாது.

இந்த எரிச்சலில்தான் போட்டியாளர்கள் உள்ளே வந்தார்கள். 1990களில் பிளாஸ்டிக் அடைப்பான்கள் வந்தன, 1999இல் தொடங்கிய நோமாகார்க் அதில் பெரிய பெயர். டிசிஏ இல்லை, மலிவு, பழைய கார்க் அடைக்கும் மெஷினிலேயே ஓடும். திருகு மூடி அதற்கும் முன்பே இருந்தது: பிரான்சில் பிறந்த ஸ்டெல்வின் வகை மூடியை ஆஸ்திரேலியா 1970களில் முயன்று பார்த்து, மலிவு ஒயின் மாதிரி இருக்கிறதென்று வாங்குபவர்கள் முகம் சுளித்ததால் கைவிட்டிருந்தது. 2000இல் அதே நாட்டின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் தயாரிப்பாளர்கள், ஜெஃப்ரி கிராசெட் போன்றவர்கள், ஒன்றாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் மாறினார்கள், பாட்டிலையே பிரான்சிலிருந்து வரவழைத்தார்கள். ஒருவர் மட்டும் மாறியிருந்தால் மலிவுச் சரக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள், ஊரே மாறியதால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. அடுத்த வருடம் நியூசிலாந்தில் திருகு மூடிக்கென்றே ஓர் அமைப்பு தொடங்கினார்கள், இன்று அந்த நாட்டு ஒயினில் 90 சதவீதத்துக்கு மேல் திருகு மூடிதான். கலிஃபோர்னியாவின் பிளம்ப்ஜாக் ஒயின் நிறுவனம் தன் விலை உயர்ந்த 1997 ரிசர்வ் கேபர்னே சிவப்பு ஒயினில் பாதியைத் திருகு மூடியில் விட்டு, கார்க் போட்டதைவிட 10 டாலர் கூடுதலாக விலை வைத்தது. 2002இல் ராண்டல் கிராம் என்ற ஒயின் தயாரிப்பாளர் நியூயார்க்கில் கார்க்குக்குச் சவப்பெட்டி வைத்து இறுதிச் சடங்கே நடத்தினார்.

இந்த அடியில்தான் தொழில் விழித்தது. செய்த காரியங்கள் பல சாதாரணமானவை, முன்பே செய்திருக்க வேண்டியவை. மரத்தின் அடிப்பாகத்தில் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் பட்டையில் டிசிஏ அதிகம் என்று தெரிந்ததால் அதை வெட்டி ஒதுக்கினார்கள். பலகைகளை மண் தரையில் அடுக்காமல் காங்கிரீட் மேல் அடுக்கினார்கள். பட்டையை வேகவைக்கும் தண்ணீரை அடிக்கடி மாற்றினார்கள், குளோரினைத் தூக்கிவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறினார்கள், அரைத்த கார்க் துகள்களை நீராவியில் கழுவினார்கள். அப்புறம் அளவு. மூக்கை நம்பாமல், கலவையில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் கருவிகளை வாங்கி லாட் லாட்டாகச் சோதித்தார்கள். 1870இல் தொடங்கிய அமோரிம், உலகிலேயே பெரிய கார்க் நிறுவனம், 2016இல் இன்னும் ஒரு படி மேலே போனது: லாட்டில் மாதிரி எடுத்துப் பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு கார்க்காகக் கருவிக்குள் விட்டு, சில நொடிகளில் முகர்ந்து பார்த்து, லிட்டருக்கு 0.5 நானோகிராமுக்கு மேல் டிசிஏ விடக்கூடியதைத் தள்ளிவிடும் ஏற்பாடு. என்டிடெக் என்று பெயர். ஒரு தனி மனிதர் காலையில் இருபது குப்பி முகர்ந்து களைத்த வேலையை, மனித மூக்குக்கு எட்டாத நுணுக்கத்தில், கன்வேயரில் ஓடவிட்டிருக்கிறார்கள். இதற்குக் கூடுதல் விலை உண்டு, அதனால் விலை உயர்ந்த பாட்டில்களுக்குத்தான் பெரும்பாலும் போகிறது.

ஆனால் என் பார்வையில் முழுக் கார்க்குக்கு மிகக் கடுமையான போட்டி அலுமினியம் இல்லை, கார்க்கின் சொந்தத் தூள்தான். பலகையில் அடைப்பான்களைத் துளைத்த பிறகு மிச்சம்தான் அதிகம், அதை அரைத்து ஒட்டிச் செய்யும் துகள் கார்க் ரொம்ப நாளாகவே உண்டு. அதில் ஒரு சங்கடம் இருந்தது: ஒரு கெட்ட துண்டை அரைத்துக் கலந்தால் வாடை எல்லா அடைப்பானுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு பிரிந்துவிடும். பிரான்சின் டியாம் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. கரியமில வாயுவை 31 டிகிரிக்கும் ஏறக்குறைய 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு நிலைக்கு வரும், எந்த இடுக்கிலும் புகுந்து கரைத்துக்கொண்டு வெளியேறும். காப்பிக்கொட்டையிலிருந்து காஃபினை எடுக்கும் அதே முறைதான். துகள்களை அப்படிக் கழுவிவிட்டு ஒட்டுகிறார்கள். 2000களின் நடுவில் சந்தைக்கு வந்த இந்த அடைப்பான்களில் 5, 10, 30 என்று எண் போட்டு, இத்தனை வருடம் தாங்கும் என்று விற்கிறார்கள். பிரான்சின் பர்கண்டி பகுதியின் பெரிய வெள்ளை ஒயின் நிறுவனங்களில் சிலவே இதற்கு மாறிவிட்டன. ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லாமல் இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அமோரிமும் தன் பங்குக்கு இதே மாதிரி துகள் கழுவும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. ஆக இன்று ஒயின்காரர் கேட்கும் விலைக்கெல்லாம் கார்க் விற்பவரிடம் ஏதாவது ஒன்று இருக்கிறது: மலிவுக்குத் துகள், நடுத்தரத்துக்கு இரு முனையிலும் முழுக் கார்க் வட்டு ஒட்டிய துகள், ஷாம்பெயினுக்கு அதற்கென்றே தடித்த அடைப்பான், மேல்தட்டுக்கு ஒற்றைத் துண்டு. விலையும் சில சென்ட்டிலிருந்து ஒரு யூரோவைத் தாண்டியும் போகும். பிளாஸ்டிக்கை ஓரங்கட்டியது இந்த மலிவு விலை துகள் கார்க்தான் என்பேன்.

பிளாஸ்டிக் விழுந்ததற்கு இன்னொரு காரணம் ஆக்சிஜன். ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனம் 1999இல் ஒரே செமியோன் வெள்ளை ஒயினை 14 வகை மூடிகளில் அடைத்து வருடக்கணக்கில் வைத்துப் பார்த்தது. திருகு மூடி ஒயின் மிகவும் புதிதாக இருந்தது, பிளாஸ்டிக்கில் அடைத்தது சீக்கிரமே பழுப்பேறி வாடியது, முழுக் கார்க் இரண்டுக்கும் நடுவே நின்றது, ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் மாறியது. அந்த முடிவு கார்க்குக்கு இனிப்பானதில்லை. ஆனால் திருகு மூடிக்கும் ஒரு தலைவலி வெளிப்பட்டது: உள்ளே வெள்ளீயத் தகடு வைத்த அட்டை இருந்தால் காற்று ஏறக்குறைய போகவே போகாது, அதனால் சில ஒயின்களில் தீக்குச்சி, சில சமயம் அழுகிய முட்டை மாதிரி கந்தக வாடை வந்தது. இப்போது ஒயின் செய்யும்போதே கந்தகத்தைக் குறைத்து, கொஞ்சம் காற்று விடும் அட்டையைத் தேர்ந்து அதைச் சமாளித்துவிட்டார்கள். கார்க்கில் முதல் மாதங்களில் உள்ளே போகும் ஆக்சிஜன் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, நசுங்கிய செல்களில் இருந்த காற்றே வெளியேறி ஒயினுக்குள் போகிறது. பல வருடம் வைத்துக் குடிக்கும் சிவப்பு ஒயினுக்கு இந்தக் கொஞ்சம் காற்று நல்லது என்று பலர் நம்புகிறார்கள், அதை எதிர்க்கிறவர்களும் உண்டு. ஒரு வருடத்துக்குள் குடிக்கப் போகிற சோவின்யோன் பிளாங்க் வெள்ளை ஒயினுக்குத் திருகு மூடிதான் சரி என்று நான் யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

சரி, காட்டுக்கு வருவோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உணர்ச்சி வந்துவிடும், மன்னிக்கவும். மரத்தை வெட்டாமல் வருமானம் வரும் காடு உலகத்தில் எத்தனை இருக்கிறது? போர்ச்சுகலில் இந்த மரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம், 2011இல் அதைத் தேசிய மரமாகவே அறிவித்தார்கள். மரங்களுக்கு நடுவே புல், புல்லில் ஆடு மாடு, உதிர்ந்த ஓக் கொட்டைக்குப் பன்றி, பாலைவனம் வடக்கே ஏறாமல் தடுக்கும் நிழல், ஐபீரிய லிங்க்ஸ் பூனைக்கும் ஸ்பானிஷ் கழுகுக்கும் வீடு. பட்டைக்கு விலை இல்லையென்றால் நிலக்காரர் யூக்கலிப்டஸ் நடுவார். 2006இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூடபிள்யூஎஃப் இந்த அபாயத்தைத்தான் சொன்னது: அடைப்பான் சந்தை சரிந்தால் பத்து வருடத்தில் மேற்கு மத்தியதரைக் கடல் பகுதியின் கார்க் காடுகளில் முக்கால் பங்கு வரை போய்விடக்கூடும் என்று. சந்தை அந்த அளவு சரியவில்லை, காடும் இருக்கிறது. 2008இல் வந்த ஒரு கணக்கு, ஒரு அலுமினிய மூடி கார்க்கைவிட 24 மடங்கும் பிளாஸ்டிக் 10 மடங்கும் கரியமில வாயு வெளியிடுகிறது என்றது. அதை அமோரிம்தான் காசு கொடுத்துச் செய்வித்தது என்பதையும் சேர்த்தே நீங்கள் படிக்க வேண்டும், எண்ணை அப்படியே தூக்கிப் பிடிக்க மாட்டேன். திசை சரிதான், அலுமினியம் உருக்க மின்சாரம் எவ்வளவு தின்னும் என்று எல்லோருக்கும் தெரியும், மரம் கார்பனைப் பிடிக்கும் என்பதும் தெரியும்.

ஒன்று கவனியுங்கள், இந்தக் காட்டுக் கதையை 1995இலும் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கையில் இருந்த ஒயின் நாறிக்கொண்டிருந்ததே. வாடை குறைந்த பிறகுதான் அமெரிக்கக் கடைகளில் "இது கார்க் போட்ட ஒயின்" என்பதையே விற்பனைக்கான சொல்லாகப் பயன்படுத்த முடிந்தது. சீனாவிலும் அமெரிக்காவிலும் கார்க் என்றால் உயர்ந்த ஒயின் என்ற எண்ணம் இன்னும் பலமாக இருப்பதும் பெரிய துணை. ஷாம்பெயின் பக்கம் போட்டி என்றே பெரிதாக ஒன்றும் வரவில்லை.

இப்போது அவர்களுக்குள்ள பயம் வேறு. மூடிக்கு ஆர்டர் இருக்கிறது, பட்டைதான் போதாமல் போகுமோ என்பது. வெயில் கூடிக்கொண்டே போகிறது, வறட்சியில் மரம் பலவீனமானால் பட்டை ஒட்டிக்கொண்டு உரிய வராது, காட்டுத்தீ ஒரு பக்கம். தடித்த பட்டை மரத்தைத் தீயிலிருந்து காக்கும், ஆனால் உரித்த வருடத்தில் தீ வந்தால் மரம் அம்மணமாக நிற்கிறது. கோடாரி பிடிக்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள், விவசாயக் கூலியில் அவர்களுக்குத்தான் நல்ல சம்பளம் என்றாலும். அதனால் இப்போது சொட்டுநீர் பாய்ச்சி கன்று வளர்க்கிறார்கள், முதல் உரிப்பை 25 வயதிலிருந்து 10, 12 வயதுக்குக் கொண்டுவர முடியும் என்பது கணக்கு. தண்ணீரே இல்லாத ஊரில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை அங்கே போனபோது கேட்டேன். கூட வந்தவர் முதல் சில வருடம் மட்டும்தான், வேர் ஆழம் போன பிறகு குழாயை எடுத்துவிடுவோம் என்றார். பாதி வழியில் நிறுத்தி ஒரு மரத்தைக் காட்டினார், என் இரண்டு கைக்கும் அடங்காத அடிமரம், வெள்ளையில் 6 என்று எழுதியிருந்தது. 2016இல் உரித்தது. அதற்குப் பிறகு 2025க்கு முன்னால் அதில் கோடாரி விழக் கூடாது என்பது கணக்கு.